கோயில் நேரலை ஏன் நின்று நின்று ஓடுகிறது? டர்பன் குடும்பங்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

தைப்பூசம் முடிந்த மறுநாள் எங்கள் கோயில் வாட்ஸ்அப் குழுவைத் திறந்தால் பாதி வாழ்த்து, பாதி புகார். காவடி கிளம்பும் நேரத்தில் படம் நின்றுவிட்டது என்பார் ஒருவர். மகன் வீட்டில் பளிச்சென்று தெரிந்தது, என் வீட்டில் சுற்றிக்கொண்டே இருந்தது என்பார் இன்னொருவர். தென் ஆப்பிரிக்காவின் டர்பனில், சாட்ஸ்வர்த் பக்கம் உள்ள சின்ன முருகன் கோயில் இது. நேரலையைப் பார்த்துக்கொள்வது நானும் மூன்று இளைஞர்களும். பிழைப்புக்கு நான் செய்வதும் வயர்லெஸ் இணைப்புகளைப் பழுது பார்க்கும் வேலைதான் என்பதால் எல்லாக் கேள்வியும் என்னிடமே வந்து நிற்கும். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லிச் சொல்லி அலுத்துப்போய் இங்கே சேர்த்து எழுதிவிட்டேன். வீட்டில் உட்கார்ந்து பார்க்கிறவர்களுக்கான பதிலும் உண்டு, கேமராவும் கையுமாக நிற்கும் பிள்ளைகளுக்கான பதிலும் உண்டு.

எங்கள் வீட்டில் 50 எம்பிபிஎஸ் இணைப்பு. வேகச் சோதனையிலும் 50 காட்டுகிறது. பிறகு ஏன் நிற்கிறது?

எம்பிபிஎஸ் என்பது விநாடிக்கு எத்தனை மெகாபிட் என்ற வேகக் கணக்கு. 720பி என்ற நடுத்தரப் படத் தரத்தில் ஒரு நேரலைக்கு 3 எம்பிபிஎஸ் இருந்தாலே போதும். உங்களிடம் இருப்பது அதைப்போல் பதினாறு மடங்கு. ஆகவே வேகம் பற்றாமல் நிற்கவில்லை. அந்த வேகம் விடாமல் வருகிறதா என்றுதான் பார்க்க வேண்டும். வேகச் சோதனை என்பது சில விநாடிகளுக்குப் பல இணைப்புகளை ஒன்றாகத் திறந்து, எவ்வளவு இழுக்க முடிகிறது என்று பார்ப்பது. நடுவில் எட்டு விநாடி ஒன்றுமே வராமல் போவதை அது உங்களுக்குச் சொல்லாது.

அன்னதானப் பந்தியை நினைத்துக்கொள்ளுங்கள். இலையில் சோறு இருக்கும்வரை, பரிமாறுகிறவர் எங்கே போனார் என்று யாரும் தேடுவதில்லை. அந்த இலைச் சோறுதான் பஃபர், அதாவது முன்கூட்டியே வந்து உங்கள் கருவியில் காத்திருக்கும் படம். அவர் ஒரு தரம் மூன்று கரண்டி போட்டுவிட்டு அடுத்த பத்து நிமிடம் ஆளைக் காணோம் என்றால், அன்றைக்கு மொத்தம் எத்தனை மூட்டை அரிசி வடித்தார்கள் என்ற கணக்கு பசித்தவனுக்கு எதற்கு?

சேவைத் தரம் என்று எங்கள் தொழிலில் பேசும்போது நான்கு அளவுகளைப் பார்ப்போம்: வேகம், தாமதம், ஜிட்டர் என்று சொல்லும் தாமத ஏற்ற இறக்கம், வழியில் தொலைந்துபோகும் பாக்கெட்டுகள் (இணையத்தில் தகவல் போவது இந்தச் சின்னச் சின்னப் பொட்டலங்களாகத்தான்). எது முக்கியம் என்பது வேலையைப் பொறுத்தது. பேச்சுக்குத் தாமதம்தான் எதிரி. ஒரு பக்கத்துக்கு 150 மில்லிவிநாடிக்குள் இருக்கட்டும் என்று ஐடியூ என்ற சர்வதேசத் தொலைத்தொடர்பு அமைப்பின் ஜி.114 பரிந்துரை சொல்கிறது. அதைத் தாண்டத் தாண்ட இருவரும் ஒருவர் பேச்சை ஒருவர் வெட்டிக்கொண்டே இருப்பார்கள். நேரலை பார்க்கிறவருக்கு இருபது விநாடி தாமதம் கூடத் தெரியாது, ஆனால் வரத்து அறுந்தால் உடனே தெரியும்.

அதே டவர், அதே போன். சாதாரண அழைப்பு தெளிவாக வருகிறது, வீடியோ மட்டும் திணறுகிறதே?

இரண்டும் ஒரே வரிசையில் நிற்பதில்லை. 4ஜி தரநிலையில் போக்குவரத்தை வகை பிரித்து ஒவ்வொன்றுக்கும் ஒரு எண் கொடுத்திருக்கிறார்கள். வோல்ட்இ அழைப்பு, அதாவது 4ஜி வழியாகப் போகும் சாதாரண அழைப்பு, வகை 1. அதற்கென்று இடம் ஒதுக்கி வைப்பார்கள், தாமத வரம்பு 100 மில்லிவிநாடி. யூடியூப், பேஸ்புக், மற்ற எல்லாம் பெரும்பாலும் வகை 9. அங்கே உத்தரவாதம் எதுவும் கிடையாது, மிச்சம் இருப்பதைப் பகிர்ந்துகொள்ள வேண்டியதுதான்.

வாட்ஸ்அப் அழைப்பு பெயருக்குத்தான் அழைப்பு. டவருக்கு அதுவும் வெறும் டேட்டாதான், வகை 9 கூட்டத்தில்தான் நிற்கும். திருவிழா அன்று வாட்ஸ்அப்பில் குரல் துண்டு துண்டாக வந்தால் சாதாரண அழைப்பு போட்டுப் பாருங்கள், பல நேரம் அது போய்ச் சேரும்.

சரியாகக் காவடி கிளம்பும்போது மட்டும் நேரலை கெட்டுப்போகிறது. முதல் நாள் சோதித்தபோது நன்றாக இருந்தது. என்ன நடக்கிறது?

இந்தக் கேள்விக்கு நான் பட்ட பாட்டைத்தான் பதிலாகச் சொல்ல வேண்டும்.

முதல் வருடம் ஒரு நல்ல போனை முக்காலியில் நிறுத்தி, மொபைல் டேட்டாவில் 1080பி, 6 எம்பிபிஎஸ் என்று வைத்தேன். செவ்வாய்க்கிழமை காலை ஆளில்லாத கோயில் வாசலில் சோதித்தபோது அப்லோட் 18 எம்பிபிஎஸ் வந்தது. மூன்று மடங்கு இருக்கிறதே, கவலை எதற்கு என்று நினைத்தேன். விழா அன்று ஒன்பதரை மணிக்கு மேளம் உச்சத்துக்குப் போகிறது, முதல் காவடி வாசலைத் தாண்டுகிறது, என் திரையில் அப்லோட் 0.8. லெனேசியாவில் இருக்கும் என் அக்கா போன் செய்து, "தம்பி, அரை மணி நேரமாக அதே தேங்காயைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறோம்" என்றாள். உடைத்த தேங்காய் ஒன்றில் படம் உறைந்து நின்றிருந்தது.

காரணம் மூன்று. முதலாவது, டவரிலிருந்து போனுக்கு வரும் பாதையும் போனிலிருந்து டவருக்குப் போகும் பாதையும் சமம் இல்லை. டவர் பல பத்து வாட் சக்தியில் பேசும். உங்கள் போன் அதிகபட்சம் ஐந்தில் ஒரு வாட் அளவில்தான் பதில் சொல்லும். திரையில் நான்கு கோடு காட்டுவது டவரின் குரல் உங்களுக்குக் கேட்கிறது என்பதற்கு அடையாளம். உங்கள் குரல் அதற்குக் கேட்கிறதா என்று அந்தக் கோடு சொல்லாது. அதோடு, ஒரே அலைவரிசையை நேரம் பிரித்துப் பயன்படுத்தும் இணைப்புகளில் டவரிலிருந்து போனுக்கு இறக்கும் பக்கத்துக்கே அதிக நேரம் ஒதுக்குவார்கள். வழக்கமாக எல்லோரும் இறக்குகிறவர்கள்தானே.

இரண்டாவது, அன்றைக்கு எல்லோரும் ஏற்றுகிறார்கள். இரண்டாயிரம் பேர் கூடிய இடத்தில் முதல் காவடி வந்ததும் இரண்டாயிரம் கைகள் மேலே போகும். அத்தனை போனும் அந்தக் காட்சியை அதே நிமிடத்தில், அதே டவர் வழியாக அனுப்பப் பார்க்கும். நீங்கள் நேரலைக்கு ஆசைப்படும் அதே நிமிடம்தான் காற்றில் இடமே இல்லாத நிமிடம்.

மூன்றாவது, மனித உடம்பு. நம்மில் பெரும்பகுதி தண்ணீர், தண்ணீர் ரேடியோ அலையை உறிஞ்சும். கூட்டத்துக்கு நடுவே இடுப்பு உயரத்தில் வைத்த ரூட்டர் ஈரச் சுவருக்குள் வைத்தது போலத்தான்.

அடுத்த வருடம் கோயிலுக்குப் பின்னால் இருக்கும் ஒரு வீட்டின் ஃபைபரை, அதாவது கண்ணாடி இழை இணைய இணைப்பை, கேட்டு வாங்கி, அங்கிருந்து அறுபது மீட்டர் நெட்வொர்க் கேபிளை மதில் மேலாக இழுத்து வந்தோம். பார்க்க அழகாக இல்லை, ஆனால் நேரலை ஒரு முறை கூட நிற்கவில்லை. வயர்லெஸ் ஆள் நானே சொல்கிறேன்: அனுப்பும் முனையில் கேபிளுக்கு வழி இருந்தால் வேறு எதையும் யோசிக்காதீர்கள். வழி இல்லையா? இரண்டு வேறு நிறுவனங்களின் சிம் வைத்துக்கொள்ளுங்கள். ரூட்டரை ஆள் தலைக்கு மேல் கம்பத்தில் கட்டுங்கள், டவர் எந்தத் திசையில் இருக்கிறது என்று பார்த்து வெளி ஆன்டெனா வையுங்கள்.

அப்படியானால் எந்த பிட்ரேட் வைப்பது?

பிட்ரேட் என்பது விநாடிக்கு நீங்கள் அனுப்பும் தகவலின் அளவு. நல்ல நாளின் அளவை மறந்துவிடுங்கள். போன விழாவில், அல்லது கோயிலில் கூட்டம் அதிகமான ஏதாவது ஒரு வெள்ளிக்கிழமை மாலையில், அப்லோடை ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை அளந்து எழுதுங்கள். அதில் மோசமான எண்ணை எடுத்து அதில் பாதியை வையுங்கள். 5 வந்தால் 2.5. இது என் கை வழக்கம்தான், சூத்திரம் ஒன்றும் இல்லை. ஆனால் இதுவரை ஏமாற்றியதில்லை.

மற்ற அமைப்புகள் இவை: 720பி, விநாடிக்கு 25 அல்லது 30 படம், 2.5 எம்பிபிஎஸ், வீடியோவைச் சுருக்கும் முறை எச்.264. முழுப் படம் அனுப்பும் கீஃபிரேம் இரண்டு விநாடிக்கு ஒன்று. ஒலிக்கு ஏஏசி என்ற சுருக்க முறை, 128 கேபிபிஎஸ் (விநாடிக்குக் கிலோபிட்), அதைக் குறைக்காதீர்கள். படம் கொஞ்சம் மங்கினால் யாரும் கோபிப்பதில்லை, நாதஸ்வரம் வெட்டுப்பட்டால் எல்லோரும் எழுந்து போய்விடுகிறார்கள்.

இன்னொன்று, கிரிக்கெட் நேரலைக்குச் சொல்லும் எண்ணைக் காவடிக்கு அப்படியே எடுக்க முடியாது. முந்தைய படத்துக்கும் இந்தப் படத்துக்கும் என்ன மாறியது என்பதை மட்டும் அனுப்பித்தான் வீடியோ சுருக்கம் நடக்கிறது. மயில் இறகு ஆடுகிறது, சாமந்தி மாலை குலுங்குகிறது, கற்பூரப் புகை சுருள்கிறது, பின்னால் மஞ்சள் உடையில் முந்நூறு பேர் அசைகிறார்கள் என்றால் திரையில் மாறாத இடமே இருக்காது. சுருக்கும் கருவி திணறிப் படத்தைக் கட்டம் கட்டமாக உடைத்துவிடும். கேமராவையும் கையில் வைத்து ஆட்டினால் தொலைந்தது. முக்காலியில் வையுங்கள், கொஞ்சம் தள்ளி நில்லுங்கள், சும்மா சும்மா ஜூம் செய்யாதீர்கள். காசு செலவில்லாமல் தரம் கூட்ட இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது.

நடுவில் ஒரு பாக்கெட் தொலைந்தால் அதை விட்டுவிட்டுப் படம் தொடரலாமே. ஏன் எல்லாமே நிற்கிறது?

விட்டுவிடும் முறையும் இருக்கிறது. வீடியோ அழைப்பில் அப்படித்தான்: யூடிபி என்ற அனுப்பும் முறை வழியாகப் போகும், தொலைந்தது தொலைந்ததுதான், ஒரு கணம் முகம் சதுரம் சதுரமாகும், பேச்சு ஓடும். யூடியூப் போன்ற தளத்தில் பார்க்கும்போது எல்லாப் பாக்கெட்டும் வரிசையாக வந்தே தீர வேண்டும். ஒன்று தொலைந்தால் அது மறுபடி வரும்வரை பின்னால் வந்தவை காத்திருக்கும்.

இதில் வயர்லெஸுக்கு ஒரு பழைய வினை உண்டு. பாக்கெட்டுகளை வரிசை தவறாமல் கொண்டு சேர்க்கும் டிசிபி நெறிமுறை கம்பி வலைக்காகப் பிறந்தது. கம்பியில் பாக்கெட் தொலைந்தால் வழியில் நெரிசல் என்று அர்த்தம், உடனே வேகத்தைக் குறைப்பதுதான் நியாயம். காற்றில் ஒரு பஸ் குறுக்கே போனாலும் பாக்கெட் தொலையும். நெரிசல் இல்லாமலேயே நெரிசல் என்று நினைத்து டிசிபி பின்வாங்கும். வயர்லெஸ் வன்பொருளே இழப்பைச் சரிசெய்து மறைக்கப் பார்க்கும், அது முடியாதபோதுதான் இந்தக் கூத்து. கூகுள் 2016-ல் வெளியிட்ட பிபிஆர் முறை இழப்பை மட்டும் நம்பாமல் வேகத்தையும் தாமதத்தையும் அளந்து முடிவெடுப்பதால் இந்த இடத்தில் கொஞ்சம் கெட்டிக்காரன்.

அனுப்பும் பிள்ளைகளுக்கு: உங்கள் மென்பொருளும் பெறும் தளமும் ஏற்றுக்கொண்டால் நேரலையைத் தளத்துக்கு அனுப்பும் முறைகளில் ஆர்டிஎம்பிக்குப் பதில் எஸ்ஆர்டி பயன்படுத்துங்கள். தொலைந்ததைத் திரும்பக் கேட்க எவ்வளவு நேரம் காத்திருக்கலாம் என்று அதில் நீங்களே சொல்லலாம். ஒரு பாக்கெட் தளத்துக்குப் போய் வரும் நேரத்தின் நான்கு மடங்கு வைத்துத் தொடங்குங்கள்.

ஆயாவின் போனில் படம் மங்குகிறது, தெளிகிறது, மறுபடி மங்குகிறது. போன் பழுதா?

இல்லை, அது வேலை செய்கிற அழகே அதுதான். ஒரே நேரலையைப் பல தரங்களில் சில விநாடித் துண்டுகளாக வெட்டி வைத்திருப்பார்கள். ஆப்பிளின் எச்எல்எஸ் 2009-ல் வந்தது, எம்பெக்-டேஷ் 2012-ல் சர்வதேசத் தரநிலையாக வெளியானது. இரண்டும் செய்வது இதையே. அடுத்த துண்டை எந்தத் தரத்தில் எடுப்பது என்று போனே முடிவு செய்யும். பஃபர் குறைந்தால் சின்னத் துண்டு, நிறைந்தால் பெரிய துண்டு.

பேரன்கள் வந்து ஆயாவுக்கு நல்லது செய்கிறேன் என்று 1080பியில் பூட்டிவிட்டுப் போவார்கள். அப்புறம்தான் சுற்ற ஆரம்பிக்கும். தானியங்கியில் விட்டுவிடுங்கள்.

லண்டனில் இருக்கும் மாமா தீபாராதனையை முப்பது விநாடி கழித்துப் பார்க்கிறார். தூரம்தான் காரணமா?

தூரத்துக்கு இதில் பங்கு மிகக் குறைவு. கண்ணாடி இழையில் ஒளி ஆயிரம் கிலோமீட்டரை ஐந்து மில்லிவிநாடியில் கடக்கும். இங்கிருந்து லண்டனுக்கு 15,000 கிலோமீட்டர் சுற்றிப் போகிறது என்று வைத்தாலும் 75 மில்லிவிநாடிதான். மீதி முழுவதும் துண்டு போடுவதில் போகிறது. ஆறு விநாடித் துண்டு முழுதாகத் தயாராக வேண்டும், பிறகு பார்ப்பவரின் கருவி மூன்று துண்டாவது கையில் வைத்துக்கொண்டுதான் ஓட்டத் தொடங்கும். பதினெட்டு விநாடி அங்கேயே போயிற்று. தளத்தில் குறைந்த தாமதம் என்ற அமைப்பு இருக்கும், போட்டால் நேரம் குறையும், ஆனால் இலையில் சோறும் குறையும். கோயிலுக்கு நான் அதைப் போடுவதில்லை. மாமா அரை நிமிடம் கழித்துக் கும்பிட்டால் முருகன் கோபித்துக்கொள்ளப் போவதில்லை.

கடலடிக் கேபிள் அறுந்தால் மட்டும் கதை வேறு. நம் கரையில் ம்துன்சினியில்தான் சேஃப், சீகாம், ஈஸ்ஸி கேபிள்கள் எல்லாம் ஏறுகின்றன. அதில் சேஃப் இங்கிருந்து ரீயூனியன், மொரீஷியஸ் தொட்டுக் கொச்சிக்கும் பினாங்குக்கும் போவது, கிட்டத்தட்ட நம் சொந்தபந்தம் இருக்கிற இடங்களைக் கோர்த்தது மாதிரி. 2024 மே மாதத்தில் ஈஸ்ஸியும் சீகாமும் ஒன்றாக அறுந்தன. மார்ச்சில் ஐவரி கோஸ்ட் பக்கம் மேற்குக் கரைக் கேபிள்கள் நான்கு போயின. அந்த மாதிரி நாளில் உங்கள் ரூட்டரைத் திட்டிப் பயனில்லை.

லோட் ஷெடிங் நேரத்தில் ரூட்டருக்கு யூபிஎஸ் வைத்திருக்கிறேன். ஆனாலும் இணைப்பு போகிறதே?

லோட் ஷெடிங் என்று முறை வைத்துக் கரண்டை நிறுத்தும்போது உங்கள் ரூட்டர் உயிரோடு இருக்கிறது, டவர் இறந்துவிட்டது. டவர்களில் பேட்டரி உண்டு, சில மணி நேரம் தாங்கும். ஆனால் அது மறுபடி நிறையவும் மின்சாரம் வேண்டும். ஒரே நாளில் மூன்று நான்கு முறை கரண்ட் போன காலத்தில் பேட்டரி பாதி நிறைவதற்குள் அடுத்த வெட்டு வந்துவிடும். பேட்டரித் திருட்டு வேறு. ஒரு டவர் விழுந்தால் அதன் கீழ் இருந்த போனெல்லாம் தூரத்து டவரைப் பிடிக்கும், சிக்னல் குறையும், கூட்டம் கூடும். அதாவது டவர் விழாமல் இருக்கிற பேட்டைக்காரர்களுக்கும் சேவை கெடும்.

2024 மார்ச் கடைசியிலிருந்து பல மாதம் லோட் ஷெடிங் இல்லாமல் இருந்தது, பிறகு 2025 தொடக்கத்தில் எட்டிப் பார்த்தது. நான் இன்வெர்ட்டரை விற்கவில்லை. கோயிலில் கேமரா, ஒலி மிக்ஸர், கணினி, ஃபைபர் பெட்டி நான்கும் ஒரே இன்வெர்ட்டரில். ஃபைபர் பெட்டியை மறந்துவிட்டு மற்றதற்கெல்லாம் பேட்டரி வைத்த கோயில் ஒன்று எனக்குத் தெரியும், பெயர் சொல்ல மாட்டேன்.

வீட்டு வைஃபையில் என்ன செய்யலாம்?

டிவிக்கு முடிந்தால் கேபிள். முடியாவிட்டால் 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபை அலைவரிசை. 2.4-ல் ஒன்றோடொன்று உரசாத சேனல்கள் 1, 6, 11 மூன்றே மூன்று. டர்பனின் ஃபீனிக்ஸ் பகுதி மாதிரி சுவரோடு சுவராக வீடுகள் இருக்கும் இடத்தில் அந்த மூன்றிலும் பத்து ரூட்டர் கத்திக்கொண்டிருக்கும். மைக்ரோவேவ் அடுப்பும் அதே அலைவரிசைதான்.

பலர் கவனிக்காதது: வைஃபையில் ஒரு நேரத்தில் ஒருவர்தான் பேச முடியும். பின்கட்டில் மெல்லிய சிக்னலில் இருக்கும் பழைய போன் ஒன்று மெதுவாகப் பேசினால், மற்ற எல்லோரும் அது முடிக்கும்வரை காத்திருக்க வேண்டும். அந்தப் போனைக் கிட்டே கொண்டுவந்தாலே வரவேற்பறை டிவி சரியாகும்.

ரூட்டரில் கியூஓஎஸ் என்று ஒரு பொத்தான் இருக்கிறது. போடலாமா?

கியூஓஎஸ் என்றால் மேலே சொன்ன சேவைத் தரம்தான். அந்த ஒரே பெயரில் இரண்டு விஷயம் இருக்கிறது. டபிள்யூஎம்எம் என்பது வைஃபைக்குள் குரல், வீடியோ, சாதாரணம், பின்னணி என்று நான்கு வரிசை வைப்பது. அது பெரும்பாலும் போட்டே இருக்கும், அணைக்காதீர்கள். ஆனால் உங்கள் வீட்டில் பாக்கெட்டுக்கு ஒட்டும் முன்னுரிமை முத்திரை வெளி இணையத்தில் செல்லாது. வழியில் அழித்துவிடுவார்கள், இல்லாவிட்டால் எல்லோரும் தன்னுடையதே அவசரம் என்று ஒட்டிக்கொள்வார்களே.

மற்றது, பஃபர் வீக்கம் என்ற தொல்லையை அடக்குவது. மகன் போட்டோ எல்லாவற்றையும் கிளவுடுக்கு ஏற்றுகிறான், உங்கள் படம் நிற்கிறது. ரூட்டரிலோ டவரிலோ நீளமான வரிசை உருவாகி, உங்கள் சின்னக் கோரிக்கை அதன் வால் பக்கம் நிற்பதுதான் காரணம். எஸ்க்யூஎம் அல்லது எஃப்க்யூ-கோடெல் என்று ரூட்டரில் இருந்தால் அதைப் போட்டு, இணைப்பின் உண்மை வேகத்தில் 85 முதல் 90 சதவீதத்தை வரம்பாகக் கொடுங்கள். கொஞ்சம் வேகத்தை விட்டுக்கொடுத்தால் வரிசை உங்கள் ரூட்டரிலேயே நிற்கும், அங்கே அது எல்லோருக்கும் முறை வைத்துக் கொடுக்கும். மொபைல் இணைப்பில் வேகம் நிமிடத்துக்கு நிமிடம் மாறுவதால் இது அவ்வளவு நன்றாகப் பொருந்தாது. ஃபைபரில் அருமை.

மழையில் கெடுமா?

வீட்டு வைஃபை, 4ஜி அலைவரிசைகளை மழை பெரிதாகத் தொடாது. ஆனால் சில டவர்கள் மற்ற டவரோடு பேசுவது 10 கிகாஹெர்ட்ஸுக்கு மேல் மைக்ரோவேவ் வழியாக. நம் ஊர்க் கோடையில் மாலை இடிமழை கொட்டும்போது அந்த இணைப்பு தளரலாம். தைப்பூசமும் அதே கோடையில்தான் வருகிறது.

5ஜி வாங்கினால் தீருமா?

பார்க்கிறவருக்கு நன்றாகவே உதவும், டவர் கிட்டே இருந்தால். பரவலாகப் பயன்படும் 3.5 கிகாஹெர்ட்ஸ் அலை செங்கல் சுவருக்குள் தயங்கித் தயங்கித்தான் நுழையும். விழாக் கூட்டத்தில் அப்லோட் நெரிசல் அங்கேயும் வரும்.

டேட்டா எவ்வளவு தின்னும்? பென்ஷனில் இருக்கிறவர்கள் கேட்கிறார்கள்.

கணக்கு எளிது. 3 எம்பிபிஎஸ் ஒரு மணி நேரம் ஓடினால் 1.35 ஜிபி. 480பியில் 1 எம்பிபிஎஸ் என்றால் 450 எம்பி. ஒலி மட்டும் 64 கேபிபிஎஸ் என்றால் 29 எம்பி கூட ஆகாது. அதனால்தான் எங்கள் கோயிலில் ஒலி மட்டும் தனி இணைப்பாகவும் கொடுக்கிறோம். ஆரம்பித்தபோது யார் கேட்பார்கள் என்று சிரித்தார்கள். இப்போது கந்த சஷ்டி ஆறு நாளும் அதில்தான் கூட்டம் அதிகம். அடுப்படியில் போனைச் சாய்த்து வைத்துவிட்டு வேலை பார்க்கிறார்கள்.

இணைப்பு நிறுவனத்துக்குப் போன் செய்தால் "எங்கள் பக்கம் சரியாக இருக்கிறது" என்கிறார்கள். என்ன சொல்வது?

மெதுவாக இருக்கிறது என்று சொல்லாதீர்கள், அந்த வார்த்தைக்கு அவர்களிடம் ஆயத்தப் பதில் இருக்கிறது. முதலில் கணினியிலிருந்து உங்கள் ரூட்டருக்கே தொடர்ந்து பிங் போடுங்கள், அதாவது ஒரு சின்னப் பாக்கெட் போய் வர எத்தனை மில்லிவிநாடி ஆகிறது என்று அளக்கும் கட்டளை. அங்கேயே எண் 2-லிருந்து 200-க்குத் தாவினால் தொல்லை உங்கள் வைஃபையில். ரூட்டர் வரை சீராக இருந்து, வெளியே ஏதாவது ஒரு முகவரிக்குத் தாவினால் அவர்கள் பக்கம். மொபைல் ரூட்டர் என்றால் அதன் அமைப்புத் திரையில் காட்டும் ஆர்எஸ்ஆர்பி என்ற சிக்னல் பல எண்ணையும் எழுதிக்கொள்ளுங்கள். மைனஸ் 80 நல்லது, மைனஸ் 110 பக்கம் போனால் சிக்னலே பலவீனம். சிக்னல் மைனஸ் 80-ல் நிற்க, மாலை ஏழு முதல் பத்து வரை மட்டும் தாமதம் ஏறினால் டவரில் கூட்டம், அதை ஆன்டெனாவால் சரிசெய்ய முடியாது.

தேதி, நேரம், பிங், இழப்பு சதவீதம் என்று நான்கு நெடுவரிசை, ஒரு வாரம் எழுதுங்கள். இந்தத் தாளோடு பேசினால் முதல் ஆள் உங்களைச் சீக்கிரம் இரண்டாம் ஆளிடம் மாற்றிவிடுவார். நீங்கள் பேச வேண்டியது அந்த இரண்டாம் ஆளிடம்தான்.